புத்தகம் பார்த்து எழுதும் தேர்வில் தோற்பது யார் குற்றம்?

கோப்புக்கட்டு:
நேற்று ஒருவர் இங்கே புலம்பியிருந்தார்: "14 ஆண்டுகளாக இளநிலை உதவியாளராகவே இருக்கிறேன், அமைப்பு என்னை முடக்கிவிட்டது." எந்த அமைப்பு? பதவி உயர்வுக்குத் தேற வேண்டிய துறைத் தேர்வைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் மே மாதத்தில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை நடத்துகிறது. அதில் அரசின் நிதி விதிகளைக் கேட்கும் கணக்குத் தேர்வுக்கோ விதிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பார்த்தே எழுதலாம். அதிலும் தேறாதவர் தன் குழியைத் தானே வெட்டிக்கொண்டவர்.

மேசைவிளக்கு:
அந்த 'ஒருவர்' நான்தான் ஐயா. நிதி விதித் தொகுப்பை என்றாவது புரட்டியிருக்கிறீர்களா? எந்த விதி எங்கே இருக்கிறது என்று தெரியாதவனுக்குப் புத்தகம் கையில் இருந்தும் பயனில்லை. தேடுவதற்குள் மணி அடித்துவிடும்.

கோப்புக்கட்டு:
புரட்டியிருக்கிறேனாவா? கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். என் புத்தகத்தில் பயணப்படிக்கு மஞ்சள் சீட்டு, சில்லறைச் செலவினத்துக்கு நீலச் சீட்டு ஒட்டியிருந்தேன். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. உங்கள் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையாவது பிரிந்ததா? மறுபடியும் சொல்கிறேன், புத்தகம் பார்த்து எழுதும் தேர்வு.

தாமரைக்குளம்:
இருவரும் புத்தகத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். 1978இல் பெர்க்லாஸ், ஜோன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். விடையே இல்லாத கணக்குகளைக் கொடுத்துவிட்டு, "நன்றாகச் செய்தீர்கள்" என்று மாணவர்களைப் பாராட்டினார்கள். அடுத்த தேர்வுக்கு முன் இரண்டு மருந்துகளை வைத்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்று திறனைக் கூட்டுமாம், மற்றது குறைக்குமாம். குறைப்பதைத்தான் பலர் எடுத்தார்கள், குறிப்பாக ஆண்கள். தோற்றால் பழியை மருந்தின் மேல் போடலாமே! மேசைவிளக்கு அண்ணா, நீங்கள் எடுத்த மருந்து எது?

மேசைவிளக்கு:
என்னை நோயாளியாக்க வேண்டாம் அம்மா. மூன்று முறை பணம் கட்டினேன், அனுமதிச்சீட்டும் எடுத்தேன். ஒருமுறை அவசரக் கோப்பு என்று அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். ஒருமுறை மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசம்.

கோப்புக்கட்டு:
கிரகப்பிரவேசம்! மருந்தின் பெயர் கிடைத்துவிட்டது. மூன்றாவது முறை?

மேசைவிளக்கு:
மூன்றாவது முறை தேர்வு மையத்தின் வாசல் வரை போனேன். அதற்கு மேல் உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

தாமரைக்குளம்:
அண்ணா, நான் கேட்டது அதைத்தான்.

ரயிலடி:
கோப்புக்கட்டு ஐயா, உங்களை நான் அறிவேன். தேர்வெழுத விடுப்புக் கேட்டுப் போனவனிடம் நிலுவைப் பட்டியலை நீட்டியவர் நீங்கள். "மேற்படி விடுப்பு பரிசீலனையில் உள்ளது" என்று எழுதி, தேர்வு முடிந்த மறுநாள் அனுமதித்தீர்கள். நான் உதவியாளராக இரண்டு ஆண்டுகள் தாமதமானது. இது எந்த உளவியல்?

கோப்புக்கட்டு:
வேறு யாரையோ நான் என்று நினைத்துச் சொல்லும் குற்றச்சாட்டு. "மேற்படி" என்று எழுதுகிறவர் தமிழ்நாட்டில் நான் ஒருவன்தானா? நிலுவையை முடித்துவிட்டு விடுப்புக் கேட்டிருக்கலாம். புத்தகம் பார்த்து எழுதும் தேர்வுக்கு எத்தனை நாள் விடுப்பு வேண்டும் உங்களுக்கு?

மேசைவிளக்கு:
பார்த்தீர்களா? என்னைப் போல இன்னொருவரும் இருக்கிறார்.

ரயிலடி:
உங்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். விடுப்பு இல்லாமலே அடுத்த டிசம்பரில் எழுதித் தேறிவிட்டேன். நான் வாசலோடு திரும்பியவன் அல்லன்.

தாமரைக்குளம்:
அப்படியானால் ஐயா சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்?

ரயிலடி:
அவர் சொன்னதை நான் ஏன் சொல்கிறேன்? அவர் விடுப்பு கொடுத்தாரா இல்லையா?

கோப்புக்கட்டு:
மேசைவிளக்கு தன் புத்தகத்தின் உறையைப் பிரித்தாரா இல்லையா? பணியில் சேர்ந்தவர்களுக்கான பவானிசாகர் பயிற்சியிலேயே விதிகளைச் சொல்லிக்கொடுத்தார்களே, அப்போது தூங்கிக்கொண்டிருந்தாரா?

மேசைவிளக்கு:
பயிற்சியில் நான் முன்வரிசையில் உட்கார்ந்தவன். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

கோப்புக்கட்டு:
மேற்படி கேள்விக்கு இதுவரை பதில் வரவில்லை.