லேப்டாப் செக்யூரிட்டி ரிப்போர்ட் கேட்கிறார்கள், திங்கள் காலைக்குள்! அவசரம்

தொண்டிக் கடல்
எல்லோருக்கும் வணக்கம், ஸலாம். வந்து இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டிலிருந்தே சொந்த லேப்டாப்பில் வேலை பார்க்கலாம் என்றுதான் எடுத்தார்கள். இன்று மதியம் ஐடி ஆளிடமிருந்து மெயில். அப்டேட் எல்லாம் போட்டிருக்கிறது, ஆன்டிவைரஸ் ஓடுகிறது என்று காட்டுகிற ரிப்போர்ட்டைத் திங்கள் காலைக்குள் அனுப்ப வேண்டுமாம், இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்களாம். இலவசமாகப் பார்க்க என்ன இருக்கிறது? தேடியதும் மேலே வந்த ஒன்றை இறக்கி ஓட்டினால், சிவப்பு சிவப்பாக ஐந்நூறு சொச்சம் பிழை காட்டி, சரிசெய்யக் காசு கட்டு என்கிறது. கட்டிவிடட்டுமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தயவுசெய்து யாராவது.

கீழக்கரை காக்கா
தம்பி, எந்த நாடு என்று சொல்லவே இல்லையே? வளைகுடா என்றால் கம்பெனியே சிஸ்டம் கொடுத்துவிடும். சொந்தச் சாமானில் ஊரான் வேலையைப் பார்க்காதே. நீங்களெல்லாம் கொடுத்து வைத்தவர்கள். நாங்கள் குவைத் போன காலத்தில் ஒரே அறையில் எட்டுப் பேர். போன் பேசக் கட்டுபடியாகாது. கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் பெட்டியில் போட்டு அனுப்புவோம். பக்கத்துக் கட்டில்காரன் குறட்டையும் சேர்ந்தே பதிவாகிவிடும். "அது யார் வாப்பா கூடவே உறுமுறது?" என்று உம்மா பதில் கேசட்டில் கேட்பார்கள். ரெண்டு மாதம் கழித்து வரும் அந்தப் பதில். பொறுமை வேண்டும் தம்பி.

மண்டபம் முகாம்
இலவசம் என்றாலே வில்லங்கம்தான். நல்ல ஆன்டிவைரஸாக ஒரு வருடத்துக்குக் காசு கொடுத்து வாங்குங்கள். அதன் திரையைப் படம் எடுத்து அனுப்பினால் முடிந்தது கதை.

பழைய தூக்குப்பாலம்
வாங்கவே வேண்டாம். விண்டோஸிலேயே டிஃபென்டர் என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறது, சாதாரண ஆளுக்கு அதுவே தாராளம். மற்ற மென்பொருள்களின் அப்டேட் பார்க்க செக்யூனியா பிஎஸ்ஐ போடுங்கள். எது பழசு, எது புதுசு என்று பிட்டுப் பிட்டு வைக்கும்.

உச்சிப்புளி
அண்ணே, அதை 2018லேயே நிறுத்தியாச்சு. அந்தப் பெயரில் இப்போது எங்காவது கிடைத்தால் தொடவே வேண்டாம். என்னைக் கேட்டால் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போடுங்கள்.

மண்டபம் முகாம்
திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவனிடம் லினக்ஸா? நல்லா இருக்கிறது.

பாம்பன் நெத்திலி
வெளிநாடே இப்படித்தான். எதற்கெடுத்தாலும் ஒரு காகிதம். வீடு எடுக்க வேலைக் கடிதம், வங்கிக் கணக்குக்கு வீட்டு முகவரி, வேலைக்கு வங்கிக் கணக்கு. இப்போது லேப்டாப்புக்கும் நன்னடத்தைச் சான்றிதழ். போன தடவை அம்மா வெயிலில் காயவைத்து, மூன்று சுற்று காகிதம் சுற்றி, அதற்கு மேல் டேப் ஒட்டிக் கொடுத்த கருவாட்டை ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொண்டார்கள்.

பழைய தூக்குப்பாலம்
எந்த ஏர்போர்ட்? ஐரோப்பிய ஒன்றியத்தில் இறைச்சி, பால் பொருள்தான் கூடாது. சொந்த உபயோகத்துக்கு மீன் 20 கிலோ வரை கொண்டுவரலாமே.

பாம்பன் நெத்திலி
அதை அங்கே நின்றிருந்தவரிடம் யார் சொல்வது?

தேவிபட்டினம் அக்கா
கருவாட்டுப் பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், தம்பிக்குத் திங்கள் காலை கெடு இருக்கிறது. நான் இங்கே பார்க்கிற வேலையே இதுதான், அதனால் சொல்கிறேன்.

காசு கட்டாதீர்கள் தம்பி. குக்கீ, தற்காலிகக் கோப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணினால் யார் லேப்டாப்பிலும் ஐந்நூறு வரும். பயமுறுத்திக் காசு பறிக்கிற சாமான் அது. முதலில் அதை நீக்கிவிட்டு, டிஃபென்டரில் முழு ஸ்கேன் ஓட்டுங்கள். கார்டு எண் ஏதாவது கொடுத்திருந்தால் இப்போதே வங்கிக்குப் போன் போடுங்கள்.

அப்புறம் லேப்டாப்பைச் சோதித்து ரிப்போர்ட் கொடுக்கிற பெலார்க் அட்வைசர் என்ற மென்பொருள் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு இலவசம், அலுவலகக் கணினிகளுக்கு அப்படியில்லை. பெலார்க்கின் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். தேடும்போது மேலே வருகிற விளம்பரத்தைத் தட்டினால் பழையபடி இதே கூத்துதான். ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும். இணையப் பக்கம் மாதிரி இருந்தாலும் அது உங்கள் லேப்டாப்புக்குள்ளேயேதான் இருக்கிறது, வெளியே எங்கும் போகாது. ஆன்டிவைரஸ் ஓடுகிறதா, எந்த மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி அப்டேட் விட்டுப்போயிருக்கிறது, என்னென்ன மென்பொருள், எந்தப் பதிப்பு, எல்லாம் வரும்.

ஆனால் அந்தப் பக்கத்தை அப்படியே ஐடிக்கு அனுப்பிவிடாதீர்கள். லேப்டாப்பின் சீரியல் எண், மென்பொருள்களின் லைசன்ஸ் கீ, வீட்டு வைஃபையில் இருக்கிற மற்ற சாதனங்கள்வரை அதில் வந்துவிடும். அறைத் தோழனின் டிவியைப் பற்றி உங்கள் ஆபீஸுக்கு என்ன தெரிய வேண்டும்? அது நீங்கள் பார்த்துக்கொள்ள மட்டும். ஐடி ஆளிடம் எது வேண்டும் என்று ஒரு வரி கேளுங்கள். பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட் பக்கமும் விண்டோஸ் செக்யூரிட்டி பக்கமும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தால் போதும் என்பார்கள்.

எந்த நாடு, எந்த விண்டோஸ், லேப்டாப் எங்கே வாங்கியது? இதைச் சொல்லாமல் மேலே பேச முடியாது.

தொண்டிக் கடல்
அக்கா, நாடு அயர்லாந்து. காசு கட்டவில்லை, அந்தச் சாமானை நீக்கியாச்சு. விண்டோஸ் 10. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் வாங்கியது, விண்டோஸ் அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். பெலார்க் ஓட்டினேன், விட்டுப்போன அப்டேட் பட்டியல் ஒரு முழம் வருகிறது. ஆன்டிவைரஸ் இடத்திலும் சிவப்பு.

உச்சிப்புளி
"அவர்களே போட்டுக் கொடுத்தார்கள்." போச்சு. ஆக்டிவேட்டர் வைத்து ஓட்டியிருப்பார்கள், லைசன்ஸ் இல்லாத விண்டோஸை இருப்பதுபோல் காட்டுகிற திருட்டு மென்பொருள் அது. ஆக்டிவேட்டரைத் தடுத்துவிடக் கூடாது என்று டிஃபென்டரையே அணைத்துவிடுவது இந்தக் கடைகளின் வழக்கம்.

தேவிபட்டினம் அக்கா
உச்சிப்புளி சொல்வது சரியாகத்தான் இருக்கும். வாங்கும்போது டாஸ் மாடல் என்று விலை குறைத்துக் கொடுத்தார்களா? பில்லைப் பாருங்கள். டாஸ் என்றால் விண்டோஸ் லைசன்ஸ் கிடையாது, வாங்கித்தான் ஆக வேண்டும். கம்பெனியிலிருந்தே விண்டோஸோடு வந்த மாடல் என்றால் பெரும்பாலும் கீ மதர்போர்டிலேயே இருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, புதிதாகப் போட்டால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு இலவச அப்டேட் நின்றுவிட்டது. 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அறிவித்தார்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனால் உங்கள் அயர்லாந்து உட்பட ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் அது இலவசம். ஆனால் ஆக்டிவேட்டர் இருக்கிற லேப்டாப்பில் அதை நம்பி ஆபீஸ் வேலையைத் தொடங்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் ஓட்டிப் பாருங்கள், விண்டோஸ் 11 ஏறுமா ஏறாதா என்று அதுவே சொல்லும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும், பிராசஸர் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ.

தொண்டிக் கடல்
பில்லில் விண்டோஸ் என்றுதான் இருக்கிறது அக்கா. ஹெல்த் செக்கில் 11 ஏறும் என்று பச்சை காட்டுகிறது. சனி, ஞாயிறு இருக்கிறது, இன்றைக்கே ஆரம்பிக்கிறேன்.

கீழக்கரை காக்கா
அழிப்பதற்கு முன்னால் பட்டப்படிப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல், விசாக் கடிதம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வை தம்பி. வேறு பென்டிரைவில். விண்டோஸ் ஏற்றுகிற பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறான்.

தேவிபட்டினம் அக்கா
காக்கா மகன் சொல்வது சரி. படம், பிடிஎஃப் மட்டும் எடுங்கள் தம்பி. கடைக்காரர் ஏற்றிக் கொடுத்த மென்பொருள் ஃபோல்டர் எதையும் திரும்ப உள்ளே கொண்டுவராதீர்கள். ஐடி ஆளுக்கு இன்றே ஒரு மெயில் போட்டுவிடுங்கள், லேப்டாப்பில் புதிதாக விண்டோஸ் போடுகிறேன், திங்கள் காலை ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன் என்று.