டீசல் ஊறிய மண்ணுக்கு நுண்ணுயிர்ப் பொடி வாங்கலாமா?

தோப்புக்காரன்:
வணக்கம். எங்கள் தென்னந்தோப்பில் ஜெனரேட்டருக்காக வைத்திருந்த 200 லிட்டர் பேரல் அடியில் துருப்பிடித்து, சென்ற வாரம் டீசல் முழுவதும் மண்ணில் இறங்கிவிட்டது. முப்பது அடி தள்ளிக் குடிநீர்க் கிணறு இருக்கிறது. எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாப் பொடியைத் தூவினால் போதும் என்கிறார் ஒரு விற்பனையாளர். நம்பலாமா?

மண்வாசி:
டீசலைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய எல்லா மண்ணிலும் ஏற்கெனவே வாழ்கின்றன. அவற்றுக்குப் பற்றாமல் போவது காற்றும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும்தான் (பாஸ்பரஸ்). 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் பாறைத்திட்டில் மோதி, சுமார் 1.1 கோடி காலன் கச்சா எண்ணெய் கொட்டியபோது, கரைகளில் பெருமளவில் இட்டது புதிய நுண்ணுயிர்களை அல்ல, உரத்தை. அங்கிருந்த பாக்டீரியாக்களே அந்த உரத்தால் பெருகி எண்ணெயை விரைவாகச் சிதைத்தன. ஆனால் கற்களுக்கு அடியில் காற்று எட்டாத இடத்தில் சிக்கிய எண்ணெய், பல ஆண்டுகள் கழித்துத் தோண்டியபோதும் கிடைத்தது.

ஆகவே ஊறிய மண்ணை வெட்டியெடுத்து, தார்ப்பாயின் மேல் ஓரடி உயரத்துக்குப் பரப்பி, வைக்கோல் கலந்து, ஈரம் காயாமல் வைத்து, வாரம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். மழை பெய்தால் மூடிவிட வேண்டும்.

தோப்புக்காரன்:
நன்றி ஐயா. ஒரு மூட்டை யூரியாவை மொத்தமாகக் கொட்டலாமா?

மண்வாசி:
வேண்டாம். 200 லிட்டர் டீசலில் கரிமம் (கார்பன்) மட்டும் ஏறத்தாழ 145 கிலோ இருக்கும். கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து மூன்றும் 100:10:1 என்ற வழக்கமான விகிதத்தில் இருக்க வேண்டுமானால், சுமார் 30 கிலோ யூரியா தேவைப்படும். சிறிது டீசல் ஆவியாகியிருக்கும் என்பதால் இதுவே உச்ச அளவு. ஒரேயடியாக இட்டால் அம்மோனியா மிகுந்து நுண்ணுயிர்களையே வாட்டிவிடும் என்பதால், பல தவணைகளாகப் பிரித்து இடுங்கள். சிறிது சூப்பர் பாஸ்பேட்டும் சேருங்கள்.

கிணற்றடி:
வெளியிலிருந்து நுண்ணுயிர் சேர்ப்பது எங்குமே பயன்படாது என்று சொல்லிவிட முடியாது. சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய்க் கசடுக்கு டெரி (TERI) ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஆயில்சாப்பர் என்ற பாக்டீரியாக் கலவை இந்தியாவில் பயன்பட்டுவருகிறது. ஆனால் உங்கள் மண்ணுக்கு அது அவசியமில்லை.

எனக்குக் கவலை கிணற்றைப் பற்றியதுதான். டீசலில் நீரில் கரையும் பென்சீன் போன்ற நச்சுப் பொருள்களும் சிறிதளவு உண்டு. வாடை தெரியாததாலேயே நீர் நல்லது என்று கொள்ள முடியாது. ஆய்வகத்தில் சோதித்து முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எடுங்கள். முதல் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும், மழைக்காலம் முடிந்தபின் மறுபடி சோதியுங்கள். மண்ணில் எஞ்சியது மழைநீரோடு மெதுவாகவே கிணற்றை எட்டும்.