டமாக்சிஃபென் தடுப்பு மருந்து: பக்கவிளைவுகள் தாங்கவில்லை, நிறுத்திவிடலாமா?

கேள்வி:
எனக்கு வயது 46. அம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்குப் புற்றுநோய் இல்லை. ஆனால் பயாப்சியில் இயல்புக்கு மாறான செல் பெருக்கம் தெரிந்ததால், வருமுன் காக்கும் மருந்தாக நாள்தோறும் 20 மில்லிகிராம் டமாக்சிஃபென் மாத்திரையை 5 ஆண்டுகளுக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். தொடங்கிய சில வாரங்களிலேயே, கழுத்திலிருந்து முகம் வரை திடீரென்று அனல் பரவி, உடனே வியர்த்துக் கொட்டிக் குளிரெடுக்க ஆரம்பித்துவிட்டது. இரவில் எழுந்து உடை மாற்ற வேண்டியிருக்கிறது. வெள்ளைப்படுதலும் அதிகம். நோயே இல்லாத நான் ஏன் இந்த அவதியைப் பட வேண்டும்? குடும்ப மருத்துவர் இதற்காகப் பராக்சிடின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தந்திருக்கிறார், இன்னும் தொடங்கவில்லை.

பதில் 1:
சகோதரி, பராக்சிடினைத் தொடங்குவதற்கு முன் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் அவசியம் பேசிவிடுங்கள். டமாக்சிஃபெனைக் கல்லீரலில் உள்ள சிஒய்பி2டி6 என்னும் நொதிதான் எண்டாக்சிஃபென் என்ற வீரியமிக்க வடிவமாக மாற்றுகிறது. பராக்சிடின், ஃப்ளூவாக்சிடின், புப்ரோப்பியான் ஆகியவை அந்த நொதியை வலுவாகத் தடுப்பவை என்பதால், அனல் தணிந்தாலும் மருந்தின் பலன் குறைந்துபோக வாய்ப்புண்டு. அந்த நொதியை அவ்வளவாகப் பாதிக்காத வென்லாஃபாக்சினையோ, இரவுத் தொல்லைக்குக் கபாபென்டினையோ மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஹார்மோன் மாத்திரைகளும், ஈஸ்ட்ரோஜனைப் போல் செயல்படும் மூலிகை மருந்துகளும் உங்களுக்கு ஏற்றவையல்ல. யார் எந்த மருந்து எழுதினாலும், டமாக்சிஃபென் எடுப்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

பதில் 2:
இதே மருந்தை எடுத்துவருபவள் நான். முதல் சில மாதங்கள்தான் மிகக் கடினமாக இருந்தன. பிறகு எனக்கு அனல் வருவது வெகுவாகக் குறைந்தது, ஆனால் எல்லோருக்கும் அப்படிக் குறையும் என்று சொல்ல மாட்டேன். எந்நேரம் அனல் வருகிறது, அதற்கு முன் என்ன சாப்பிட்டேன் என்று குறித்துவைத்ததில், சூடான பானமும் காரமும் எனக்குத் தூண்டுகோலாக இருந்தது புலப்பட்டது. மாத்திரை எடுக்கும் நேரத்தை மருத்துவரைக் கேட்டு மாற்றியதும் ஓரளவு உதவியது. வெள்ளைப்படுதல் இம்மருந்தில் பலருக்கும் உண்டு. அரிப்போ துர்நாற்றமோ இருந்தால் மட்டும் தொற்று உள்ளதா என்று பரிசோதிக்க வேண்டும்.

பதில் 3:
நோயில்லாதவர் அவதிப்படுவது ஏன் என்ற உங்கள் கேள்வி நியாயமானது, அதை மருத்துவரிடமே கேளுங்கள். உங்கள் ஆபத்து எவ்வளவு, மருந்தால் எவ்வளவு குறையும் என்பதை எண்களில் சொல்லச் சொல்லுங்கள். நிறுத்துவதா தொடர்வதா என்ற இரண்டே வழிகள்தான் உண்டு என்று நினைக்க வேண்டாம். 2019-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், உங்களைப் போன்ற செல் மாற்றம் உடையவர்களும் அடங்கிய 500 பெண்களில், 5 மில்லிகிராம் டமாக்சிஃபெனை 3 ஆண்டுகள் எடுத்தவர்களுக்குப் புதிதாகவோ மீண்டுமோ மார்பக நோய் வருவது, போலி மாத்திரை எடுத்தவர்களைவிடப் பாதியாகக் குறைந்தது. அனல் தொல்லையும் சற்றே அதிகமாக இருந்ததோடு சரி. அந்த அளவில் மாத்திரை கிடைக்காத இடங்களில், 10 மில்லிகிராமை ஒருநாள் விட்டு ஒருநாள் தருவதுண்டு. ரலாக்சிஃபென், அனஸ்ட்ரசோல் முதலியவை தடுப்புக்காக மாதவிடாய் நின்றவர்களுக்கே தரப்படுகின்றன.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: ஒரு காலில் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவை இரத்தக் கட்டியின் அறிகுறிகளாக இருக்கலாம் என்பதால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மாதவிடாய்க்கு இடையிலோ அது நின்ற பின்னரோ இரத்தம் பட்டால் தாமதிக்காமல் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். அறுவைச் சிகிச்சை ஏதேனும் திட்டமிடப்பட்டால், மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.