லெக்ரேயின் ‘அனாமலி’யை வாலிபர் கூடுகையில் கேட்கலாமா?

ஓசூர் வாலிபன்

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் நடக்கவிருக்கும் வாலிபர் கூடுகையில் ஒரு மாலைப் பொழுதை லெக்ரேயின் ‘அனாமலி’ ஆல்பத்தைக் கேட்டு விவாதிப்பதற்கு ஒதுக்கலாம் என்று நான் சொன்ன யோசனைக்குப் பாடகர் குழுவின் பெரியவர்கள் சிலர் மறுப்புத் தெரிவித்திருக்கிறார்கள். இரு தரப்புக் காரணங்களையும் எழுத்தில் வைத்துப் பேசுவது நல்லது என்பதால் இந்தத் திரியைத் தொடங்குகிறேன்.

ஆல்பத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஹூஸ்டனில் பிறந்த ராப் கலைஞரான லெக்ரே, 2004இல் தாமும் சேர்ந்து தொடங்கிய ரீச் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் வழியாக 2014 செப்டம்பரில் இதை வெளியிட்டார். முதல் வாரத்தில் ஏறத்தாழ 88,000 பிரதிகள் விற்று, அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலிலும், கிறிஸ்தவப் பாடல்களுக்கான காஸ்பல் பட்டியலிலும் ஒரே சமயத்தில் முதலிடம் பிடித்த முதல் ஆல்பம் என்ற பெயரை இது பெற்றது. இதில் உள்ள ‘மெசஞ்சர்ஸ்’ பாடல் 2015இல் கிராமி விருது பெற்றது. விற்பனையையும் விருதையும் தகுதிச் சான்றிதழாக நான் நீட்டவில்லை. ஒரு விசுவாசி தன் தேசத்தைப் பார்த்தும், தன் சபையைப் பார்த்தும், தன் கடந்த காலத்தைப் பார்த்தும் ஒரே மூச்சில் பேசிய ஆல்பம் இது என்பதே என் கட்சி. நம் வாலிபர்கள் கேட்கவேண்டிய பேச்சு அது.

கீர்த்தனைப் பிரியன், காவேரிப்பட்டினம்

தம்பி, மறுப்புச் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ராப் என்பதற்காக நான் மறுக்கவில்லை. அப்படி நினைத்துக்கொண்டு என்னோடு வாதாடினால் நேரம்தான் வீணாகும். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) அரண்மனைகளிலும் கோயில்களிலும் ஆடிப் பாடப்பட்ட குறவஞ்சியை எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். அதை இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவன், ஹிப்-ஹாப் எங்கிருந்து வந்தது என்று மூக்கைச் சுளிப்பது நியாயமாகாது.

ஆனால் சாஸ்திரியார் செய்த காரியம் என்ன? குறத்தி வந்தாள், குறி சொன்னாள், மலைவளம் பாடினாள். எல்லாம் கிறிஸ்துவைச் சுற்றியே நடந்தது. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் இது யாரைப் பற்றிய பாட்டு என்று கேட்க வேண்டியதில்லை. ‘அனாமலி’யில் பாடலுக்குப் பாடல் அந்தக் கேள்வியை நான் கேட்க வேண்டியிருக்கிறது. லெக்ரேயும் அவருடைய தோழர்களும் தங்கள் குழுவுக்கு 116 என்று பெயர் வைத்தது ரோமர் 1:16ஐ மனதில் வைத்து: “கிறிஸ்துவின் சுவிசேஷத்தைக்குறித்து நான் வெட்கப்படேன்.” அந்த வசனத்தை அடையாளமாக அணிந்தவர், தன்னைக் கிறிஸ்தவ ராப் கலைஞர் என்று மட்டும் அடைத்துவிட வேண்டாம் என்று சொல்லத் தொடங்கி, பெரிய சந்தைக்கு ஏற்ற ஆல்பத்தைத் தந்தபோது, பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்ததில் எனக்கு வியப்பில்லை.

ஓசூர் வாலிபன்

ஐயா, நாமம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் அளவுகோல் என்றால், எஸ்தரின் புத்தகத்தை எங்கே வைப்பது? அதன் எபிரெய மூலத்தில் தேவனுடைய பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. ஆனாலும் அது வேதாகமத்தில் இருக்கிறது. நாம் அதிலிருந்து பிரசங்கமும் கேட்கிறோம்.

‘வெல்கம் டு அமெரிக்கா’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பகுதிகள், மூன்று குரல்கள். முதலில் நகரத்தின் வறுமைக்குள் வளர்ந்த கறுப்பின இளைஞன் பேசுகிறான். அடுத்து, நாட்டுக்காகப் போருக்குப் போய்விட்டு வந்து, அதே நாட்டில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் படைவீரன். கடைசியில், அமெரிக்கர்கள் வாங்கும் பொருளைத் தன் கையால் செய்துகொண்டே அந்த நாட்டுக்குப் போய்ச் சேரக் கனவு காணும் அயல்நாட்டுத் தொழிலாளி. இந்த மூன்றாவது குரலைக் கேட்கும்போது எனக்கு ஹூஸ்டன் நினைவுக்கு வருவதில்லை. நம் மாவட்டத்துக் கருங்கல் மெருகேற்றப்பட்டு, பலகை பலகையாகச் சட்டத்துக்குள் நிறுத்தி, ஓரத்தில் எண் எழுதிக் கப்பலுக்குப் போகிறது. காதலர் தினத்துக்கு முன் ஓசூர்ப் பசுமைக்குடில்களில் ரோஜாவைத் தண்டின் நீளம் பார்த்துப் பிரித்து, மொட்டு மட்டும் தெரியும்படி அட்டை சுற்றி அடுக்குகிற பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூ எந்த நாட்டு மேசையில் விரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நியாயமான கூலி கிடைக்காதவனின் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்று யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. அந்தக் கூக்குரலை ஒருவர் தாளத்தில் ஏற்றிப் பாடினால் அது எப்படிச் சுவிசேஷத்துக்கு வெளியே போகும்?

தென்பெண்ணை

நான் கிறிஸ்தவன் அல்லன். ஹிப்-ஹாப் கேட்பவன் என்ற முறையில் இந்தத் திரிக்குள் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் ஆல்பத்தைப் பிரசங்கமாக வைத்தே மதிப்பிடுகிறீர்கள். இசையாக அது எப்படி இருக்கிறது என்று இருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு இது பாதி நல்ல ஆல்பம். லெக்ரேயின் குரல் கனமானது, உச்சரிப்பு தெளிவானது, சொல்லைத் தாளத்தின் மேல் அவசரமில்லாமல் வைக்கத் தெரிந்தவர். ‘நத்தின்’ பாடலில், இன்றைய ராப் பாடல்கள் வெறும் பணத்தையும் பகட்டையும் பேசிப் பேசி ஒன்றுமில்லாமல் போய்விட்டன என்று அவர் குற்றம் சாட்டும்போது அந்தத் திறமை முழுதாகத் தெரிகிறது. ஆனால் ஆல்பத்தின் நடுப்பகுதியில் பாடலுக்குப் பாடல் வேறொருவர் வந்து இனிமையான பல்லவி ஒன்றைப் பாடிவிட்டுப் போகிறார். ராப் பகுதி எழுப்பிய பதற்றத்தையெல்லாம் அந்தப் பல்லவி தடவிக்கொடுத்துத் தூங்கவைத்துவிடுகிறது. ‘மெசஞ்சர்ஸ்’ கிராமி வாங்கியது சமகாலக் கிறிஸ்தவ இசைப் பிரிவில்தான், ராப் பிரிவில் அன்று; கேட்டால் ஏன் என்று விளங்கும். கீர்த்தனைப் பிரியன் ஐயா குறைபட்டுக்கொள்ளும் ‘சந்தை’ இசையில்தான் இருக்கிறதே ஒழிய, அவர் தேடும் இடத்தில், அதாவது வரிகளில், இல்லை. வரிகளில் மனிதர் துணிச்சலாகவே இருக்கிறார்.

கீர்த்தனைப் பிரியன், காவேரிப்பட்டினம்

தென்பெண்ணை அவர்களே, வருக. பல்லவியைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். எனக்கும் அவை ஒன்றுபோலவே கேட்டன.

தம்பிக்கு ஒரு வார்த்தை. எஸ்தரைச் சொன்னீர்கள். நல்லது. ஆனால் எஸ்தரை வாசிக்கிறவன் கையில் மற்ற புத்தகங்களும் இருக்கின்றன. கூடுகைக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள். வாரம் ஒரு ஆராதனைக்கு வருவதே அரிது. அவர்களுக்குக் கிடைக்கும் அந்த ஒரு மாலையில் கூலி அநியாயத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள் என்றால், அதைத் தொழிற்சங்கக் கூட்டத்திலும் கேட்கலாமே? யாக்கோபை நீங்கள் இங்கே எழுதினீர்கள். அந்தப் பாடலுக்குள் யாக்கோபு இல்லை.

அரூர் டீச்சர்

ஓய்வுநாள் பள்ளியில் வகுப்பெடுப்பவள் என்ற முறையில் என் கவலை வேறு. இதுவரை யாரும் தொடாத ‘குட், பேட், அக்லி’ பாடலைப் பற்றிப் பேச வேண்டும். அதன் முதல் பகுதியில் லெக்ரே, இளவயதில் தன் காதலியைக் கருக்கலைப்புக்கு அழைத்துச் சென்றதைத் தன் வாயால் சொல்கிறார். இரண்டாம் பகுதியில், சிறுவனாக இருந்தபோது தன்னைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணிடமே பாலியல் கொடுமைக்கு ஆளானதைச் சொல்கிறார். ஆண்பிள்ளைகளுக்கு இப்படி நேரும் என்பதையே நம் வீடுகளில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதைப் புகழின் உச்சியில் இருந்த ஒருவர், பல்லாயிரம் பேர் கேட்கும் ஆல்பத்தில் வைத்தது சாதாரணக் காரியம் அன்று.

கீர்த்தனைப் பிரியன் ஐயா இதைச் சந்தைச் சரக்கு என்று சொல்லிவிட முடியாது. 51ஆம் சங்கீதத்தின் தலைப்பை அவர் மறந்திருக்க மாட்டார்: பத்சேபாளிடத்தில் பாவத்துக்குட்பட்ட தாவீது, நாத்தான் வந்த பிறகு பாடி, இராகத்தலைவனுக்கு ஒப்புவித்தது. ராஜாவின் அந்தரங்கப் பாவம் பாடகர் குழுவின் கையில் போயிருக்கிறது. அன்றைய பாடகர் குழுப் பெரியவர்கள் என்ன சொன்னார்களோ!

அதே சமயம் ஓசூர்த் தம்பியின் ஏற்பாட்டையும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. நம் கூடுகைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள். விளக்கை அணைத்துவிட்டு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டால், அந்த இரண்டாம் பகுதி ஓடும்போது தன் வீட்டில் நடந்ததை நினைத்து ஒரு பிள்ளை உடைந்துபோனால், அருகில் உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள்? 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் ஒட்டிவிட்டால் மட்டும் போதாது.

ஓசூர் வாலிபன்

அக்கா, நீங்கள் சொல்வதைக் கருதித்தான் பாடலுக்குப் பாடல் நிறுத்திப் பேசலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பாடலை மட்டும் நீக்கிவிட்டால் ஆல்பத்தின் முதுகெலும்பே போய்விடும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தனி அமர்வுக்கு அனுப்பலாமா என்று சொல்லுங்கள்.

ஐயாவின் தொழிற்சங்கக் கேள்விக்கு ‘டர்ட்டி வாட்டர்’ பாடல் பதில் சொல்லும். ஞாயிறு ஆராதனை நேரம்தான் அமெரிக்காவில் மனிதர் மிகவும் பிரிந்து கிடக்கிற நேரம் என்று அந்தப் பாடல் சபையைப் பார்த்தே குத்துகிறது. அதைத் தொழிற்சங்கக் கூட்டத்தில் சொல்ல முடியாது. சபைக்குள் இருப்பவன் மட்டுமே சொல்ல முடியும். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கொரு பக்கம் பிரித்துவைத்த சரித்திரம் தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு உண்டு. அந்தப் பாடலைக் கேட்டுவிட்டு நம் பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விக்குப் பயந்துதான் மறுப்பு வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கீர்த்தனைப் பிரியன், காவேரிப்பட்டினம்

அந்தச் சந்தேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், தம்பி. பறையைச் சபைக்குள் கொண்டுவரக் கூடாது என்று பலர் முரண்டுபிடித்த காலத்தில், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளில் ஆராதனை முறையையே அமைத்தார். அவருடைய பாடல்களை எங்கள் குழுவுக்குச் சொல்லிக் கொடுத்து வசை வாங்கியவன் நான். சாதியைச் சபைக்குள் பாட அமெரிக்காவிலிருந்து ஆள் வரவேண்டிய நிலையில் நாம் இல்லை. நம்மிடம் இருப்பதை விட்டுவிட்டு, வேகமான ஆங்கிலத்தில் பாதி வரி பிடிபடாத ஒன்றை ஏன் முதலில் வைக்க வேண்டும்?

தென்பெண்ணை

இரண்டையும் ஒரே மாலையில் வைக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறது. அது உங்கள் வீட்டு விஷயம். ஒரு தகவலை மட்டும் சேர்க்கிறேன். அமெரிக்காவின் பெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸ்காரரால் சுட்டுக்கொல்லப்பட்டது ஆல்பம் வருவதற்கு முந்தைய மாதத்தில். அதைப் பற்றியும் நிறவெறியைப் பற்றியும் லெக்ரே வெளிப்படையாகப் பேசப் பேச, அவருடைய வெள்ளைக் கிறிஸ்தவ ரசிகர்களில் ஒரு பகுதியினர் அவரை விட்டு விலகினார்கள். 2017இல் அவரே வெள்ளையர் சுவிசேஷ வட்டாரத்திலிருந்து விலகியதாக அறிவித்தார். ஐயா சொல்வதுபோல் சந்தைக்காக மட்டும் பாடுகிறவர், தன் பாடலை அதிகம் வாங்கிய கூட்டத்தையே பகைத்துக்கொள்வாரா?

கீர்த்தனைப் பிரியன், காவேரிப்பட்டினம்

அது அவருடைய பிற்கால நேர்மைக்குச் சாட்சி. அதற்காக அவரை மதிக்கிறேன். 2014இன் பல்லவிகளை அது திருத்திவிடாது.

டீச்சர் எடுத்துவைத்த 51ஆம் சங்கீதத்துக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தாவீது அதில், “தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து” என்று தேவனை முன்னிலையில் வைத்துப் பேசுகிறான். கூட்டத்தைப் பார்த்துத் தன் கதையைச் சொல்லவில்லை. லெக்ரேயின் பாடலில் அவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பதே என் கேள்வி. நீங்கள் கூடுகையில் வைப்பதானால் இந்தக் கேள்வியை வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்பேன். நானும் வந்து உட்காருகிறேன்.

அரூர் டீச்சர்

ஐயா, அந்தப் பாடலுக்குள் அழுகிற சிறுவன் பாவம் செய்தவன் அல்லன், பாவம் செய்யப்பட்டவன். அவனுக்கு 51ஐக் கொடுக்காதீர்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும்” என்று தொடங்கும் 13ஆம் சங்கீதத்தைக் கொடுங்கள். அதை நீங்கள் பாடிக்காட்டுவதாக இருந்தால், பெரிய பிள்ளைகளுக்கு மட்டுமான அமர்வை நான் நடத்தித் தருகிறேன். பெற்றோரிடம் முன்கூட்டியே பேசுகிற பொறுப்பு ஓசூர்த் தம்பியுடையது.