மைனர் ஸ்கேல்: மூன்றையும் ஒரே நாளில் கொடுக்கலாமா?

ஹட்டன் கீபோர்ட்:
சனிக்கிழமை வகுப்பில் ஆறு பிள்ளைகள், எல்லாருக்கும் ஒன்பது பத்து வயது. மேற்கத்திய இசைத் தியரிப் பரீட்சையில் இரண்டாம் கிரேட் தொடங்கியிருக்கிறோம். மேஜர் ஸ்கேல்கள், அதாவது மேஜர் சுர வரிசைகள், ஒழுங்காக ஓடின, ஏ மைனர் வந்ததும் வண்டி நின்றுவிட்டது. மைனரின் மூன்று வடிவங்களான நேச்சுரல், ஹார்மோனிக், மெலோடிக் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அடுத்த வாரம் ஒருத்தி வந்து, "சேர், இதில் எது உண்மையான மைனர்?" என்றாள். பதில் சொல்லத் தடுமாறினேன்.

இப்போது என் முடிவு இதுதான்: நேச்சுரலை மட்டும் இரண்டு மாதம் பழக்க வேண்டும். சி மேஜரின் அதே வெள்ளைக் கட்டைகள், ஏ-யில் தொடங்கி ஏ-யில் முடிகிறது. மற்ற இரண்டும் பரீட்சை நெருங்கும்போது போதும். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கண்டி பியானோ:
நான் மறுக்கிறேன் சேர். "அதே கட்டைகள்தான்" என்று சொல்லிவிட்டால் பிள்ளை அதை சி மேஜராகவே கேட்கும். ஏ-யிலிருந்து மேலும் கீழும் வாசித்துவிட்டு, "எந்தச் சுரத்தில் போய் உட்காரத் தோன்றுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் பாதிப் பேர் சி-யைத்தான் பாடினார்கள்.

நான் காகிதத்தைத் தொடுவதற்கு முன் காதுக்குக் கொடுக்கிறேன். சி டி ஈ எஃப் ஜி, ஐந்து சுரம் மட்டும். பிறகு ஈ-யை மட்டும் அரைச்சுரம், அதாவது ஒரு கட்டை, இறக்கி மறுபடி அதே ஐந்து. ஒரு விரல்தான் நகர்ந்தது, ஆனால் முழுதும் வேறாகிவிட்டது என்று அவர்களே சொல்வார்கள். மைனர் என்றால் முதலில் அந்த மூன்றாம் சுரம்தான்.

ஹட்டன் கீபோர்ட்:
டீச்சர், இரண்டாம் கிரேட் தியரியில் ஏ, ஈ, டி மைனர்கள்தான். சி மைனருக்கு மூன்று ஃபிளாட், அதாவது அரைச்சுரம் இறக்கிய மூன்று சுரங்கள். இல்லாத பாடத்தை எதற்கு இழுக்க வேண்டும்?

கண்டி பியானோ:
எழுதச் சொல்லவில்லையே, கேட்கத்தானே சொன்னேன். சி பிடிக்காவிட்டால் ஏ மேஜரையும் ஏ மைனரையும் பக்கத்தில் வையுங்கள். சி ஷார்ப், அதாவது அரைச்சுரம் ஏற்றிய சி, சாதா சி ஆகிறது, அதே கதைதான்.

பண்டாரவளை வயலின்:
இரண்டு பேரும் சண்டை பிடிக்கிறீர்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கர்நாடக சங்கீதம் படிப்பதை யாருமே சொல்லவில்லை. நேச்சுரல் மைனரின் சுரங்கள் நடபைரவி, தாய் ராகங்களான மேளங்களில் 20ஆவது. அதில் ஏழாம் சுரமான கைசிகி நிஷாதத்தை அரைச்சுரம் ஏற்றிக் காகலி நிஷாதமாக்கினால் 21ஆம் மேளம் கீரவாணி, அதுதான் ஹார்மோனிக். அப்புறம் ஆறாம் சுரமான சுத்த தைவதத்தையும் அதேபோல ஏற்றிச் சதுஸ்ருதி தைவதமாக்கினால் 23ஆம் மேளம் கௌரிமனோகரி, மெலோடிக்கின் ஏறுமுகம். ஒவ்வொரு படியிலும் ஒரு சுரம்தான் மாறுகிறது. ஹட்டன் சேர் சொல்லும் "அதே கட்டைகள்" கூட நமக்குப் புதிதல்ல, மேஜரின் சுரங்களேயான சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமாக, அதாவது முதல் சுரமாக, வைத்தால் நடபைரவி. கிரகபேதம் என்று அதைத்தானே சொல்கிறோம்.

கண்டி பியானோ:
ஒப்பீடு அழகுதான் ஐயா, ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. கீரவாணியைக் கமகத்தோடு, சுரங்களை அசைத்துப் பாடிப் பழகிய பிள்ளைக்கு அது ஒரு ராகம், அதற்கென்று நடை உண்டு. ஹார்மோனிக் மைனர் அப்படியல்ல. ஜி ஏன் ஷார்ப் ஆகிறது? ஏ மைனரில் ஐந்தாம் சுரத்தின் மேல் எழும் கோர்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், ஈ, ஜி, பி. அது ஏ-யை நோக்கி அவ்வளவாக இழுக்காது. ஜி-யை ஷார்ப் ஆக்கினால் ஏ-க்கு அரைச்சுரம்தான் மிச்சம், இழுவை வந்துவிடுகிறது. பெயரே அங்கிருந்துதான், ஹார்மனி என்கிற கோர்டுகளின் இசைவுக்காக வந்த மாற்றம். ஆனால் எஃப்-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில் மூன்று அரைச்சுரம் விழுகிறது, பாடுபவர்களுக்கு அது ஒரு தாவல். அதை நிரவத்தான் மெலோடிக்கில் எஃப்பும் ஷார்ப் ஆகிறது. இறங்கும்போது ஏ-யை நோக்கி ஏறும் வேலை இல்லை, அதனால் இரண்டும் பழையபடி வந்துவிடும். இந்தக் காரணத்தைச் சொல்லாமல் மூன்று பட்டியலாகக் கொடுத்தால் மூன்று வெவ்வேறு மைனர்கள் இருப்பதாகத்தான் பிள்ளை நினைக்கும். உங்கள் மாணவி கேட்ட கேள்வி அங்கிருந்து வந்தது சேர்.

பண்டாரவளை வயலின்:
ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்பது எங்கள் பிள்ளைகளுக்கு அதிர்ச்சியே இல்லை டீச்சர். ஆரோகணமும் அவரோகணமும் வேறுபடும் ராகங்கள் எத்தனை! கமகம் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன்.

தலவாக்கலை அம்மா:
நான் டீச்சர் இல்லை, ஒரு பிள்ளையின் அம்மா. மகளின் வகுப்பில் மேஜர் சந்தோஷம், மைனர் சோகம் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். வீட்டுக்கு வந்து, "இது செத்த வீட்டுப் பாட்டா அம்மா?" என்று கேட்டாள். ஒரு வாரம் அந்தப் பக்கத்தையே தொடவில்லை. இப்போது தொட்டுவிட்டாள், விடுவதாக இல்லை. எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஏ மைனர் பாடமாகிவிட்டது.

பண்டாரவளை வயலின்:
சோகம் என்று முத்திரை குத்துவதை முதலில் நிறுத்த வேண்டும் தங்கச்சி. கீரவாணியிலே ஆட்டம் போட வைக்கும் பாட்டும் உண்டு. ஓட்டமும் தாளமும் மாறினால் பாவமும் மாறிவிடும்.

ஹட்டன் கீபோர்ட்:
இந்தச் சனிக்கிழமை கண்டி டீச்சர் சொன்னபடி செய்தேன். முதலில் ஜி, பிறகு ஜி ஷார்ப், இரண்டையும் வாசித்து ஏ-யில் முடித்தேன். எது வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்று கேட்டதற்கு ஆறு பேரும் ஷார்ப்பையே சொன்னார்கள். ஆக, நேச்சுரல் இரண்டு மாதம் என்றதை இரண்டு வாரமாகக் குறைக்கிறேன். மெலோடிக்கை அடுத்த தவணைக்குத் தள்ளுவதில் மட்டும் மாற்றமில்லை. ஒருவன் கேட்டான்: "ஜி ஷார்ப்பை எப்படியும் போடத்தானே போகிறோம், வரியின் தொடக்கத்தில் வரும் கீ சிக்னேச்சரிலேயே எழுதிவிட்டால் என்ன?"

கண்டி பியானோ:
கீ சிக்னேச்சரில் போட்டால் வருகிற எல்லா ஜி-யும் ஷார்ப் ஆகிவிடும். பாட்டில் சாதா ஜி-யும் வரும். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் போட்டுக்கொள்ளட்டும். மெலோடிக்கைத் தள்ளாதீர்கள் சேர், காரணம் சூடாக இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஹட்டன் கீபோர்ட்:
தள்ளத்தான் போகிறேன்.

தலவாக்கலை அம்மா:
ஒரு சந்தேகம். இறங்கும்போது ஜி-யா, ஜி ஷார்ப்பா? நேற்று மகள் வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "பிழை, பிழை" என்று சத்தம் போட்டார்.

கண்டி பியானோ:
மகள் வாசித்தது ஹார்மோனிக்கா, மெலோடிக்கா என்று அக்காவிடமே கேளுங்கள்.