திரையில் உள்ள நோயாளி ஒவ்வொரு முறையும் இறந்துவிடுகிறார்

புதுக்குடியிருப்பு மாணவி: வணக்கம். மருத்துவம் நாலாம் வருடம் படிக்கிறேன். வெள்ளிக்கிழமை அவசர சிகிச்சைக்கான கணினிப் பயிற்சித் தேர்வு இருக்கிறது. திரையில், புடையன் பாம்பு கடித்த கமக்காரருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கியதும் இரத்த அழுத்தம் 70க்கு வீழ்ந்து, ஏழு தடவையும் அவர் இறந்துவிட்டார். ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசியும் கொடுத்தேன். மென்பொருளில் பிழையா? விரைவாகச் சொல்லுங்கள்.

மாங்குளத்தான்: எவ்வளவு அட்ரினலின், எந்த வழியாக, எப்போது கொடுத்தீர்கள்?

வரம்போரம்: சிக்னல்தான் காரணம். எங்கள் பக்கத்தில் மாலையானால் நீங்கள் அழுத்திய கட்டளை போய்ச் சேர்வதற்குள் நோயாளியின் நேரம் முடிந்துவிடும்.

குளக்கட்டு வைத்தியர்: நாலாம் வருடத்தவர்கள் இதைக் கேட்பதே வியப்பாக இருக்கிறது. மென்பொருளைக் குறைகூறுமுன் வழிகாட்டியைத் திறந்திருக்கலாம். 20 நிமிட இரத்த உறைவுப் பரிசோதனையைச் செய்தீர்களா?

மாங்குளத்தான்: ஐயா, அந்தப் பரிசோதனை விஷமுறிவு மருந்து தேவையா என்று முடிவெடுக்க உதவுவது. இவருடைய நோயாளி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

ஓய்வுபெற்ற தாதி: வாட்டில் நாங்கள் அழுத்தம் வீழும்வரை காத்திருந்ததில்லை. தோலில் தடிப்பும் வாந்தியும் குரல் கரகரப்பும் தெரிந்தவுடனேயே மருந்தை நிறுத்திவிடுவோம். நோயாளியின் முகத்தைப் பாராமல் சுட்டியை அழுத்திப் பழகும் பிள்ளைகளுக்கு அந்தக் கண் எப்படி வரும்?

வரம்போரம்: வாட்டில் ஏழு தடவை பிழைவிட முடியாதே, அக்கா.

ஓய்வுபெற்ற தாதி: உண்மைதான், தம்பி. ஆனாலும் கை பழகுவதற்குத் திரை போதாது.

புதுக்குடியிருப்பு மாணவி: 0.25 மில்லிகிராம், தோலின் கீழ், விஷமுறிவு மருந்துக்கு முன்பே கொடுத்தேன். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மாங்குளத்தான்: தங்கச்சி, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அழுத்தம் வீழ்வது விஷமுறிவு மருந்தால் வரும் ஒவ்வாமை; நீங்கள் கொடுத்தது அது வராமல் தடுக்கும் அளவு. 2011இல் வெளியான, இலங்கையில் 1007 நோயாளர்களிடம் நடந்த ஆய்வில் கடும் ஒவ்வாமையைக் குறைத்ததும் அதுதான். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மற்ற மருந்துகளான ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசீனும் அப்படிப் பயன்படவில்லை. ஆனால் குறைத்தது என்றால் முற்றாக நிறுத்தியது என்று பொருளல்ல. ஒவ்வாமை வந்துவிட்டால், ஏற்றுவதை உடனே நிறுத்தி, தொடையின் வெளிப்புறத் தசையில் 0.5 மில்லிகிராம் போட்டு, ஒட்சிசனும் சேலைனும் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் அதே அளவைத் திரும்பவும் போட வேண்டும். தேறியபின் விஷமுறிவு மருந்தை மெதுவாக மீண்டும் தொடங்க மறவாதீர்கள். விஷம் இன்னும் உடம்பில்தான் இருக்கிறது.

குளக்கட்டு வைத்தியர்: இதையேதான் வழிகாட்டியில் பார்க்கச் சொன்னேன்.

புதுக்குடியிருப்பு மாணவி: எட்டாவது தடவை பிழைத்துக்கொண்டார். நன்றி.

வரம்போரம்: எதற்கும் சிக்னலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.