பயந்தாங்கொள்ளி நாயின் பதினோரு நிமிடம்

சதுரத்திரை:

'கரேஜ் தி கவர்ட்லி டாக்' கார்ட்டூன் தொடரில் எந்தக் காட்சி ஆளைப் பிடித்து உலுக்குகிறது, எந்த இடத்தில் தொடர் கோட்டை விடுகிறது என்று இந்த இழையில் சேர்த்து வைப்போம். "செம பயம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், காட்சி என்ன, ஒலி என்ன, எதற்குப் பிறகு எது வருகிறது என்று விவரமாகச் சொல்லுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்காக: ஜான் டில்வொர்த் எடுத்து 1996-இல் ஒளிபரப்பான ஒரு குறும்படம்தான் இதற்கு வித்து. பண்ணை வீட்டுக்கு வேற்றுக் கிரகக் கோழி வந்து சேரும் கதை. ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அதை வளர்த்து 1999 நவம்பரில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடராகக் கொண்டுவந்தார்கள்; 2002 நவம்பரில் முடிந்தது. நான்கு பருவங்கள், பருவத்துக்கு 13 வீதம் 52 அத்தியாயங்கள். பெரும்பாலான அத்தியாயங்களில் 11 நிமிடக் கதை இரண்டிரண்டு. கான்சாஸில் 'நோவேர்' என்ற பொட்டல்காட்டில் ஒற்றை வீடு. அதில் மியூரியல் பாட்டி, சிடுமூஞ்சி யூஸ்டஸ் தாத்தா, இளஞ்சிவப்பு நாய் கரேஜ்.

பலமும் பலவீனமும் அந்தப் 11 நிமிடத்திலிருந்தே வருகின்றன என்பது என் எண்ணம். இதில் பேய் என்றால் பேய்தான். "அட, காற்றுதானா" என்று கடைசியில் பயத்தை ஊதி அணைக்கிற வேலையே கிடையாது. ஆபத்து நாய்க்கு மட்டும் தெரியும், நாயால் அதைச் சொல்ல முடியாது. சிரிப்பு முழுக்க அந்தத் தவிப்பிலிருந்துதான் வருகிறது.

கோட்டோவியம்:

ராம்சஸ் மன்னன் கதையை எடுத்துக்கொள்கிறேன். முதல் பருவம். திருட்டுப் போன கல்பலகை ஒன்று இந்த வீட்டுக்கு வந்து சேர்கிறது. அது நல்ல விலை போகும் என்று தெரிந்ததும் யூஸ்டஸ் அதைக் கையை விட்டு விடமாட்டேன் என்கிறார். இரவில் வீட்டுக்கு வெளியே ஒல்லியான உருவம் ஒன்று நின்று, பலகையைத் திருப்பிக் கொடு என்று இழுத்து இழுத்துக் கேட்கிறது.

மொத்தக் கதையும் கையால் வரைந்த தட்டை ஓவியம். ராம்சஸ் மட்டும் கணினியில் செய்த முப்பரிமாண உருவம். இன்றைய கண்ணுக்கு அந்த வரைகலை பழசு. தரையில் கால் பாவாத மாதிரி ஆடும், தோலில் உயிர் இல்லை. ஆனால் அந்த ஒட்டாத்தன்மைதான் வேலை செய்கிறது. இவன் இந்த வீட்டுக்காரர்கள் இருக்கும் உலகத்தைச் சேர்ந்தவன் இல்லை என்று மூளைக்கு எட்டுமுன்பே கண் கண்டுகொள்கிறது. அவனையும் மற்றவர்களைப் போலவே வரைந்திருந்தால் இன்னொரு மம்மியாகப் போயிருப்பான்.

அடுத்து, சாபங்களின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் வீட்டுக்குள் வெள்ளம். இரண்டாவது, கிராமபோனில் நிற்காமல் ஓடும் எரிச்சலூட்டும் பாட்டு. மூன்றாவது வெட்டுக்கிளிக் கூட்டம். நடுவில் பாட்டை வைத்ததில் இருக்கிறது கைத்திறன். மூன்றுமே பயங்கரமாக இருந்தால் மூன்றாவது வரும்போது மனசு மரத்துப் போயிருக்கும். பாட்டில் சிரித்து உடம்பு தளர்ந்திருக்கும் நேரம் பார்த்து வெட்டுக்கிளி இறங்குகிறது.

குறும்படம் செய்கிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வேறு ஊடகத்தை (புகைப்படம், களிமண், முப்பரிமாணம், எதுவானாலும்) ஒரு கதையில் ஒரே ஓர் உருவத்துக்கு மட்டும் வையுங்கள். இரண்டாவதற்கும் வைத்தால் அது வெறும் அலங்காரமாகிவிடும்.

ஒலிப்பெட்டி:

ஃப்ரெட் கதையில் ரத்தம் இல்லை, துரத்தல் இல்லை, சாவும் இல்லை. ஃப்ரெட் மியூரியலின் உறவுக்காரப் பையன், முடி திருத்துபவன். காது வரைக்கும் இளிப்பு, அது ஒரு நொடிகூட மாறாது. கரேஜோடு குளியலறைக்குள் மாட்டிக்கொள்கிறான். முடியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. நடப்பது அவ்வளவுதான்.

பயம் முழுக்கக் குரலில் இருக்கிறது. மனசுக்குள் பேசுவது போல, எதுகை சேர்த்துப் பாட்டாகவே கதை சொல்கிறான். தாலாட்டின் சீர். ஒவ்வொரு நினைவும் முடியும் இடத்தில் தன்னைப் பற்றி "குறும்பு" என்று ஒரு சொல்லை நீட்டி வைக்கிறான். இரண்டு முறை கேட்டால் போதும். மூன்றாவது முறை அந்தச் சொல் வரும் என்று காது முன்கூட்டியே காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்புதான் நடுக்கம். கடைசியில் மொட்டையடித்த நாயின் முதுகில் மிச்சம் விட்ட முடியில் 'அன்புடன், ஃப்ரெட்' என்று எழுத்து. சிரிப்பு வரும், உடனே கூசும்.

ஒரு சோதனை சொல்கிறேன். ராம்சஸ் கதையை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். படமே கொஞ்சம் மிரட்டும். ஃப்ரெட் கதையைத் திரையைத் திருப்பி வைத்துவிட்டுக் கேளுங்கள், கேட்டாலே போதும். தொடருக்கு இசையமைத்தவர்கள் ஜோடி கிரே, ஆண்டி எஸ்ரின் என்ற இருவர். இவர்கள் எங்கே இசையை நிறுத்துகிறார்கள் என்று குறித்துவைத்துப் பாருங்கள். பயமுறுத்த வேண்டிய இடத்தில் பல தொடர்கள் மத்தளம் கொட்டும். இவர்கள் பொட்டல்காட்டுக் காற்றை மட்டும் விட்டுவைக்கிறார்கள்.

பழையகணினி:

இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் குறையைச் சொல்லாமல் விட்டால் தொடருக்கு நியாயம் செய்ததாகாது.

இதற்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. ஆள் வருவான். கரேஜ் ஓடிப்போய் மியூரியலிடம் அவனைப் போலவே உருமாறிக் காட்டுவான், அவளுக்குப் புரியாது. யூஸ்டஸ் பெரிய பச்சை முகமூடியைப் போட்டுக்கொண்டு கத்துவார். பிறகு கரேஜ் மாடியறையில் இருக்கும் பேசும் கணினியிடம் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு யோசனை கேட்பான். அன்புக்காக என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது என்று புலம்பிவிட்டுக் களத்தில் குதிப்பான். நல்ல கதைகளில் இந்தப் படிகள் தாளம் மாதிரி நிற்கும். சுமாரான கதைகளில் இவையே நேரத்தைத் தின்றுவிடும். அப்போது வில்லனை அடக்கும் பகுதிக்கு ஓரிரு நிமிடம்தான் மிஞ்சும். அவ்வளவு நேரம் ஏற்றிவைத்த பயம் சட்டென்று ஒரு தந்திரத்தில் கலைந்துவிடும்.

22 நிமிடம் ஓடும் கதைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். 'மாஸ்க்' கதையில் நாய்களை வெறுக்கும் பூனை கிட்டி, ரவுடி நாயிடம் மாட்டிக்கொண்ட அவள் தோழி பன்னி என்ற முயல். வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்ணின் கதை என்று பெரியவர்களுக்குப் பட்டென்று புரியும். கிட்டி ஏன் கரேஜை அடிக்கிறாள் என்று தெரியவே பாதி நேரம் போகிறது, அந்த நேரம் அதற்குத் தேவைப்படுகிறது. 11 நிமிடத்தில் இதைச் செய்திருந்தால் கிட்டி வெறும் கொடுமைக்காரியாக நின்றிருப்பாள்.

யூஸ்டஸ் இன்னொரு குறை. கதை முடிவில் அவருக்கு என்ன கதி வந்தாலும் அடுத்த கதையில் பழையபடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அது பரவாயில்லை, சிறுகதைத் தொடரின் இயல்பு. நாயை மிரட்டுவது, காசுக்கு ஆசைப்படுவது என்ற இரண்டு குணத்திலேயே அவரைப் பெரும்பாலும் ஓட்டிவிட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

வெந்தயம்:

வெளிநாட்டவரை வரைந்த விதத்தையும் சேர்க்க வேண்டும். இந்திய உச்சரிப்போடு வரும் மருத்துவருக்கு டாக்டர் விண்டாலு என்று பெயர். கோவாவின் குழம்பை எடுத்து ஆளுக்குச் சூட்டியிருக்கிறார்கள். டி லங் என்ற சீனப் பாத்திரமும் அப்படித்தான், பெயரும் குரலுமே நகைச்சுவை. நாயின் பயத்தை அவ்வளவு நுட்பமாகப் பார்த்த கண், இவர்களிடம் வரும்போது சோம்பிவிட்டது.

கோட்டோவியம்:

அந்த 11 நிமிடத்துக்கு ஒரு கணக்கு. 660 நொடி, நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் 15,840. இரண்டு ஃபிரேமுக்கு ஓர் ஓவியம் என்றாலும் 7,920. எல்லாவற்றையும் சமமாக அசைத்தால் கை ஒடிந்துவிடும். நாற்காலியில் ஆடும் மியூரியலின் காட்சியில் அசைவு எவ்வளவு குறைவு, கரேஜ் அலறும்போது பல்லும் கண்ணும் உடம்பும் எத்தனை தடவை உருமாறுகின்றன என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எங்கே சேமித்து எங்கே செலவழிப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம்.

சதுரத்திரை:

குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டுகிறவர்களுக்கு: வில்லனின் மிரட்டலைவிட, எதிர்பாராமல் வரும் ஒற்றைப் படம்தான் தூக்கத்தைக் கெடுக்கும். பெருநகரக் கதையில் கரேஜ் கதவைத் திறப்பான். ஒரு சிறுமி வயலின் வாசித்துக்கொண்டிருப்பாள். திரும்புவாள். அந்த முகம் வந்து போவது கண்சிமிட்டும் நேரம்தான், கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அதனால் விளக்கிச் சமாதானம் சொல்லவும் வழியில்லை. கடைசிக் கதையான 'பெர்ஃபெக்ட்'டில் கனவில் வரும் நீல உருவமும் இதே ரகம். ஆனால் அதே கதையில் குளியல் தொட்டியிலிருந்து ஒரு மீன் தலைநீட்டி, குறைகளோடே நீ அழகுதான் என்று கரேஜிடம் மென்மையாகச் சொல்கிறது. நீல உருவம் வந்ததும் பயந்து நிறுத்திவிடாதீர்கள். மீன் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

சின்னவர்களுக்கு முதலில் டாக்டர் ஸாலோஸ்டின் கோபுரம். துக்கக் குண்டு சுடுகிற விஞ்ஞானி, மியூரியலின் பிளம் பழத்தில் குணமாகிறார். அடுத்து ராம்சஸ். ஃப்ரெட்டைப் பத்து வயதுக்குப் பிறகு, பகலில்.